பால் ஆகாத பாலகன்

நம்மவர் வீட்டில் ஒரு குழந்தையைக் கண்டதும் யாரும் முதலில் கேட்கும் கேள்வி, "பால் குடித்தானா?" என்பதுதான். ஊரிலிருந்து வந்த அத்தை கேட்பாள். கீரை விற்க வரும் கிழவி கேட்பாள். மதிற்சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து அடுத்த வீட்டு மாமியும் கேட்பாள். "இவனுக்குப் பால் ஆகாது" என்று பதில் சொல்லிப் பாருங்கள். கேட்டவர் முகம் உடனே வாடிவிடும். அதன் பிறகு அந்தக் குழந்தை எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும், "பாவம், இளைத்துத்தான் இருக்கிறான்" என்று சொல்லிவிட்டே போவார்கள்.

நம் தங்கையின் மகன் இத்தகைய பாலகன். இன்னும் இரண்டு மாதத்தில் அவனுக்கு வயது இரண்டு நிறையும். பத்தாவது மாதத்தில் முதன்முதலாகப் பசும்பால் கலந்த கஞ்சி கொடுத்தபோது, அரைமணி நேரத்துக்குள் உடலெங்கும் தடிப்புத் தடிப்பாகச் சிவந்து வாந்தியும் எடுத்தான். டாக்டர் நன்றாக விசாரித்துப் பரிசோதனையும் செய்து, பாலிலுள்ள புரதமே இதற்குக் காரணம் என்றார். அன்று முதல் தாய்ப்பாலைத் தவிர, பால், தயிர், மோர், வெண்ணெய் யாவும் அவன் வரையில் விலக்காயின.

இவ்விடத்தில் வாசகர்கள் ஒரு பேதத்தை மனத்தில் வைக்க வேண்டும். பாலிலுள்ள சர்க்கரை ஜீரணமாகாமல் வயிறு உப்புவதும் கழிவதும் ஒன்று. பாலின் புரதத்தைப் பகையென்று எண்ணி உடல் போர் தொடுப்பது வேறொன்று. முன்னதில் தொந்தரவு உண்டு. பின்னதில் சில சமயம் உயிருக்கே ஆபத்து உண்டு. பாலைச் சுண்டக் காய்ச்சினால் அந்தப் புரதம் அடியோடு போய்விடும் என்பது பிழை. ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் பெரும்பாலும் அதே தீங்கைச் செய்யக் கூடியவையே. நெய்யிலும் புரதம் சிறிதளவு தங்கியிருக்கும். குழந்தைக்கு எது ஆகாது என்பதை டாக்டர்தாம் தீர்மானிக்க வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று நல்ல பாலை நிறுத்திவிடுவதும் தவறே.

ஒரு கரண்டித் தயிர்

இவையெல்லாம் நம் தாயாருக்கும் சொல்லப்பட்டன. ஆயினும் எழுபது வருஷ அனுபவம் ஒரு நாளில் மாறிவிடுமா? "ஒரு வாய் தயிர் என்னடா செய்துவிடும்? நீங்களெல்லாம் தயிர்ச்சோறு தின்று வளர்ந்தவர்கள்தானே?" என்பது அவர் கட்சி. ஒரு மாலை, வீட்டில் நாம் எவரும் இல்லாத சமயம் பார்த்து, பருப்புச் சாதத்தைத் துப்பிக்கொண்டிருந்த பேரனுக்கு ஒரு கரண்டித் தயிர் பிசைந்து ஊட்டிவிட்டார். அவன் ஆசையோடு உண்டான் என்பதே அவருக்குப் பரம சந்தோஷம். நாம் திரும்பி வந்தபோது அவன் உதடு வீங்கிக் கண்கள் இடுங்கியிருந்தன. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். நல்ல வேளையாக மூச்சுக்குப் பழுதில்லை. மூச்சுத் திணறினாலோ, குரல் கம்மினாலோ, குழந்தை துவண்டு போனாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்று டாக்டர் எச்சரித்து அனுப்பினார்.

அன்றிரவு நம் தாயார் சாப்பிடவில்லை. அவரைக் கடிந்துகொள்ள எவருக்கும் மனம் வரவில்லை. அவர் ஊட்டியது அன்பினால். ஆனால் அன்பு மட்டும் போதாது, அறிவும் அதனோடு சேர வேண்டும் என்பதை அந்த வீங்கிய உதடு எல்லோருக்கும் கற்பித்துவிட்டது. அதன் பிறகு வீட்டில் பொட்டலமாக எது வந்தாலும் அதன் மேலுள்ள எழுத்தை வாசிக்காமல் திறப்பதில்லை. பிஸ்கோத்து, ரொட்டி முதலியவற்றில் 'மில்க் சாலிட்ஸ்', 'வே', 'கேசின்' என்ற பெயர்களில் பால் மறைந்திருக்கும்.

கேழ்வரகுக் கணக்கு

பாலை நிறுத்தினோம், அதன் ஸ்தானத்தில் எதை வைப்பது? உபாத்தியாயர் உத்தியோகம் பார்க்கிறவர்களுக்குக் கணக்குப் போடாமல் தூக்கம் வராது. 1 முதல் 3 வயது வரையுள்ள குழந்தைக்கு நாள்தோறும் 500 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்தது. பசும்பால் 100 மில்லியில் ஏறக்குறைய 120 மில்லிகிராம் உண்டு. இரண்டு டம்ளர் பாலில் கணக்கு முடிந்துவிடும். நம் நாட்டு உணவுகளின் சத்தை அளந்து எழுதும் வேலை குன்னூர் ஆராய்ச்சிச் சாலையில் தொடங்கி 1937இல் நூலாக வெளிவந்தது. அச்சாலை 1958இல் ஹைதராபாத்துக்கு மாறியது. அங்கிருந்து 2017இல் வெளிவந்த அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. எள்ளிலோ ஆயிரத்துக்கும் மேல்!

இதைப் படித்ததும், "இனிக் கவலையில்லை" என்று துள்ளினோம். துள்ளல் அடங்க வெகு நேரம் ஆகவில்லை. இரண்டு வயதுப் பிள்ளை ஒரு வேளையில் உண்ணும் கேழ்வரகு மாவு 30 கிராமுக்கு மேல் போகாது. அதில் கிடைப்பது சுமார் 110. ஒரு தேக்கரண்டி எள்ளுப் பொடியில் 50 என்று கொள்வோம். முருங்கைக்கீரை கொஞ்சம் சேர்த்தாலும் 500இல் பாதியை எட்டவில்லை. அன்றியும், ஏட்டிலுள்ள சத்து முழுவதும் உடலில் சேர்வதில்லை. கேழ்வரகை அரைத்து மெல்லிய துணியில் வடிகட்டிச் சக்கையை எறிகிறோமே, சுண்ணாம்புச் சத்தில் கணிசமான பங்கு அந்தச் சக்கையோடு போய்விடுகிறது. எள்ளிலும் தோலை நீக்கினால் பெரும்பகுதி நஷ்டம். ஆகவே ஊறவைத்து முளைகட்டி, உலர்த்தி, வடிகட்டாமல் சலித்த மாவாக உபயோகிப்பதே மேல்.

எஞ்சிய குறையை டாக்டர் தீர்த்து வைத்தார். சுண்ணாம்புச் சத்து சேர்த்த சோயாப் பாலைச் சிறிது சிறிதாகப் பழக்கச் சொன்னார். மருந்தும் எழுதிக் கொடுத்தார். தேங்காய்ப் பாலுக்குப் பால் என்ற பெயர் உண்டேயன்றி, பாலின் புரதமும் சுண்ணாம்பும் இல்லை; சமையலுக்கு ருசியாகும், பாலுக்கு ஈடாகாது. மரக்கறி உண்ணும் குடும்பங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பி-12 என்னும் உயிர்ச்சத்து அவர்களுக்குப் பால் வழியாகவே வருகிறது. பாலும் முட்டையும் இல்லாத குழந்தைக்கு அதை மருந்தாகக் கொடுப்பது அவசியம், டாக்டரைக் கேட்டுக்கொள்க.

யாருக்கு எந்தப் பொறுப்பு?

கணக்கு சரியாகிவிட்டது. ஆனால் பயல் வாயைத் திறந்தால் அல்லவா? இட்லியையும் அப்பளத்தையும் தவிர வேறெதைக் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நிலாவைக் காட்டினோம், காக்கையைக் கூப்பிட்டோம், கடைசியில் வெட்கத்துடன் சொல்லுகிறோம், கைப்பேசியில் பொம்மைக் கூத்தும் காட்டினோம். தயிர் சம்பவத்துக்குப் பின் எங்கள் அச்சம் முழுவதும் அவன் தட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. நாங்கள் கெஞ்சக் கெஞ்ச அவன் பிடிவாதம் வளர்ந்தது.

உண்மையில் இந்த வயதில் பசி குறைவது இயற்கை. பிறந்தபோது மூன்று கிலோ இருந்த சிசு ஒரு வருஷத்தில் சுமார் ஒன்பது கிலோ ஆகிறது. அடுத்த வருஷம் கூடுவதோ இரண்டு, இரண்டரை கிலோதான். புதிய பண்டத்தைக் கண்டு மிரள்வதும் இந்தப் பருவத்தின் குணமே. பத்துத் தடவை, பதினைந்து தடவை கண்ணில் பட்ட பிறகே சில பிள்ளைகள் ஒரு புதுப் பண்டத்தை நாவில் வைக்கும். நாமோ இரண்டாம் தடவையே, "இவனுக்குப் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

கிளாரா டேவிஸ் என்னும் அமெரிக்க டாக்டர், தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகளின் முன் முப்பதுக்கு மேற்பட்ட எளிய உணவுகளை வைத்து, எதை, எவ்வளவு உண்பது என்பதை அவர்களிடமே விட்டுவிட்டார். அக்குழந்தைகள் நன்றாகவே வளர்ந்தனர் என்று 1939இல் எழுதினார். ஆயினும் தட்டில் வைத்தவை யாவும் நல்ல உணவுகள் என்பதையும், அவற்றைத் தேர்ந்தவர்கள் பெரியவர்கள் என்பதையும் மறக்கலாகாது.

நாங்களும் அவ்வாறே பொறுப்பைப் பங்கிட்டுக்கொண்டோம். எதை வைப்பது, எப்பொழுது வைப்பது என்பவை பெரியவர்கள் பாடு. எவ்வளவு உண்பது என்பது அவன் பாடு. எல்லோரும் உட்காரும்போது அவனும் உட்காருவான். தெரிந்த இட்லி ஒரு துண்டு, அதனருகில் தெரியாத பண்டம் சிறிது, அவ்வளவே. அரைமணியில் தட்டை எடுத்துவிடுவது. கெஞ்சுவதும் இல்லை, கோபிப்பதும் இல்லை. இடையே பிஸ்கோத்து இல்லை. மாதம் ஒரு முறை எடை பார்த்தோம். எடை குறைந்தால் டாக்டரிடம் போவதென்று உறுதி.

இந்த ஏற்பாட்டில் முன்நின்றவர் நம் தாயாரே. எள்ளை வறுத்துப் பொடித்து இட்லிக்குத் தொட்டுக்கொள்ள வைத்தவரும் அவர்தாம். கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கிப் போட்டுக் காசளவு அடைகளாகத் தட்டியவரும் அவர்தாம். முதல் நாள் அந்த அடை தரைக்குப் போயிற்று. நான்காம் நாள் அதைக் காக்கைக்கு எறிந்தான். எட்டாம் நாள் நக்கிப் பார்த்தான். பன்னிரண்டாம் நாள் ஒன்றரை அடை உள்ளே போயிற்று.

பால் ஒவ்வாத குழந்தைகளில் பலருக்கு வளர வளர அந்த ஒவ்வாமை நீங்கிவிடுவது உண்டு. அதைச் சோதித்துப் பார்ப்பது டாக்டரின் வேலை; அதுவரையில் பொறுத்திருப்பது நம் வேலை.

சென்ற வாரம் அடுத்த வீட்டு மாமி வழக்கம்போல் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "பேரன் பால் குடித்தானா?" என்று கேட்டார். நம் தாயார் அடைத் தட்டை அலம்பிக்கொண்டே, "இரண்டு அடை தின்றான், மாமி. மூன்றாவதைப் போதும் என்று தள்ளிவிட்டான். நானும் போதும் என்று விட்டுவிட்டேன்" என்றார்.