காலதரும் வரிசை வீடும்

சாளரத்திற்குத் தமிழில் காலதர் என்றொரு பழம்பெயர் உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. சிலப்பதிகாரத்தில் ஆளப்பெற்ற சொல் இது. காற்றின் வழி என்று முன்னோர் பெயரிட்டமை, வெப்ப நாட்டு வீட்டிற்கு முதற்கண் வேண்டுவது யாது என்பதை உணர்த்தும். வரிசை வீடுகளைப் புதுப்பிக்கும் நம்மிற் பலர் மறந்துவிடுவதும் இதனையே.

1881ஆம் ஆண்டுத் தீயில் கோலாலம்பூரின் பெரும்பகுதி அழிந்தது. பின்னர் நகரம் செங்கல்லாலும் ஓட்டாலும் மீண்டும் எழுந்தது. செங்கற் சூளைகள் இருந்தமையாற் பெயர் பெற்றதே பிரிக்பீல்ட்ஸ். பழைய கடைவீடுகளுக்கு இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர். பக்கச் சாளரம் இல்லை. அக்குறையை நடுவிலிருந்த திறந்த முற்றம் தீர்த்தது. வெப்பக் காற்று அதன் வழியே மேலெழ, வாயில் வழியே புதுக்காற்று உட்புகுந்தது.

1978இல் சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலத்தின் வரிசை வீடுகளில், முற்றத்தின் பணியைப் பெரும்பாலும் கொல்லைப்புறமே செய்கிறது. இடம் போதாமையால் அதனைக் கூரையிட்டு அடுக்களை ஆக்குகிறோம். காற்று நின்றுவிடுகிறது. பின்பு புழுக்கம் தாளாது குளிர்சாதனம் வாங்குகிறோம். மாதந்தோறும் மின்கட்டணம் செலுத்தி வருந்துகிறோம்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது? ஷா ஆலம் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் உள்ளது. நண்பகலில் ஞாயிறு தலைக்கு மேலே காய்வதால், கூரையே மிகுதியாகச் சுடப்படுகிறது. ஆகவே காப்பும் அங்கேதான் தொடங்க வேண்டும். ஓட்டின் அடியில் இடைவெளி விட்டு, பளபளப்பான பக்கம் கீழ்நோக்குமாறு அலுமினியத் தாள் விரித்தால், கீழே வீசும் வெப்பக்கதிர் குறையும். மேல்நோக்கி விரித்தால் தூசு படிந்து பயன் குன்றும். மச்சின்மேல் கண்ணாடிப் பஞ்சு பரப்புதலும் நன்று. பழைய மச்சுத் தகடு கல்நார் கலந்ததாயின் அதனைத் தாமே உடைத்தல் ஆகாது; அத்தூள் நுரையீரலைக் கெடுக்கும். மேற்கு நோக்கிய சாளரத்திற்கு உள்ளே திரையிடுவதினும் வெளியே நிழலிடுதல் சிறந்தது. கண்ணாடியைக் கடந்த வெப்பம் எளிதில் வெளியேறாது.

குளிர்நாட்டில் வெப்பத்தை உள்ளே காக்கும் அதே பஞ்சு, இங்கே அதனை வெளியே தடுக்கிறது. ஆயினும் சுவர்வழி புகுந்த வெப்பம் வெளியேறுவதையும் அது தாமதப்படுத்தும். பகலெல்லாம் சூடேறிய செங்கற்சுவர் இரவில் அவ்வெப்பத்தை அறைக்குள் உமிழும். அதனைப் போக்குவது இரவுக் காற்றே. எனவே, முதலில் காற்றுக்கு வழி, அடுத்துக் கூரைக்குக் காப்பு, குளிர்சாதனம் இறுதியில். காலதரை அடைத்துவிட்டுக் காப்பை மட்டும் நாடுதல் பாதி வேலையே ஆகும்.