பெருமழைக் கணிப்பும் குளக்கட்டின் காப்பும்

வன்னிப் பெருநிலப்பரப்பிலே வற்றாத பேராறுகள் இல்லை. கோடையில் மணற்படுகையாய்க் கிடந்து மாரியில் பெருக்கெடுக்கும் ஆறுகளே அங்குள்ளன. ஆதலின், மாரிகாலத்து நீரைத் தேக்கி ஏனைய மாதங்களுக்கு உதவும் குளங்களே அந்நிலத்து உழவின் உயிர்நாடியாம். கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுவும், பேராற்றை மறித்து முத்தையன்கட்டும், பாலியாற்றை மறித்து வவுனிக்குளமும் அமைந்துள்ளன. ஒரு குளத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது, அஃது எத்தனை ஏக்கருக்கு நீர் தரும் என்றே நாம் முதலிற் கேட்கிறோம். அதற்கும் முந்திக் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு: தான் கொள்ள இயலாத வெள்ளம் வந்து சேரும் நாளில் அக்குளம் என்ன செய்யும்? இவ்வினாவுக்கு விடை காணும் முறையினைச் சுருக்கமாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வன்னிக் குளங்களின் கட்டுகள் பெரும்பாலும் மண்ணாலானவை. மண்கட்டு நீரின் அழுத்தத்தைத் தாங்கும். ஆனால் தன் முடியின் மேலாக நீர் வழிவதைத் தாங்காது. வழியும் நீர் வெளிச்சரிவின் மண்ணை அரித்து, சிறு வாய்க்காலாகத் தொடங்கிச் சில மணி நேரத்தில் பெரும் உடைவாக விரிந்துவிடும். இதனைத் தடுப்பதற்காகவே வான் அமைக்கப்படுகிறது. துருசு வயலுக்கு நீர் விடுவது. வான் மிகைநீரை வெளியேற்றிக் கட்டைக் காப்பது. வானின் அகலமும் ஆழமும் வரக்கூடிய பெருவெள்ளத்துக்கு ஏற்றனவாய் இராவிடின், எத்துணை உறுதியாகக் கட்டிய கட்டும் ஒருநாள் உடையும். கட்டுகள் உடைவதற்கு வேறு காரணங்களும் உள என்பது உண்மையே. 1986 ஏப்ரல் 20 ஆம் நாள் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோது வெள்ளம் எதுவும் வந்திருக்கவில்லை. எனினும், மண்கட்டின் தலையாய பகை அதன் மேலாக வழியும் நீரேயாம்.

இவ்வாபத்து வெறுங் கற்பனையன்று. 1957 டிசம்பர்ப் பெருவெள்ளத்திலே அநுராதபுரத்து நாச்சதுவாக் குளம் உட்படப் பல பெருங்குளங்களும் நூற்றுக்கணக்கான சிறுகுளங்களும் உடைந்தன. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி, அதற்கு முன்னரே வவுனியாப் பகுதியைத் தாக்கிச் சென்றது. 2008 நவம்பரில் நிஷாச் சூறாவளி யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 390 மில்லிமீற்றர் மழையைக் கொட்டியது. 2018 டிசம்பர் 21 ஆம் நாளிரவு பெய்த பெருமழையிலோ கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பல்லாயிரவர் இடம்பெயர நேர்ந்தது. புனரமைக்கப்பட்ட இரணைமடுக் குளம் அம்மாத முற்பகுதியிலேதான் மக்களுக்குக் கையளிக்கப்பட்டிருந்தது. வான்கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்ற வினா அப்போது பலராலும் எழுப்பப்பட்டது. ஆனால் கதவைத் திறக்கும் நேரம் பற்றிய வினாவுக்கு அடியில், எவ்வளவு மழையை எதிர்பார்த்துக் குளத்தை அமைப்பது என்னும் ஆழமான வினா கிடக்கிறது.

இதற்குப் பொறியியலாளர் கையாளும் வழிகள் இரண்டு. முதலாவது நிகழ்தகவு வழி. ஒரு நிலையத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாளில் பெய்த மிகப் பெரிய மழையை எடுத்து வரிசைப்படுத்தி, கும்பெல் முதலிய கணித அறிஞர் வகுத்த பரம்பலில் அவற்றைப் பொருத்தி, நூறாண்டுக்கு ஒருமுறை, ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை நேரக்கூடிய மழைகளைக் கணிப்பர். இக்காலவளவே மீளும் காலம் எனப்படும்.

மீளும் காலம் என்னும் சொல் பலரை மயக்குவது. நூறாண்டு வெள்ளம் ஒருமுறை வந்தால் இனி நூறாண்டுக்கு அச்சமில்லை என்பது அதன் பொருளன்று. ஒவ்வோர் ஆண்டும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புண்டு என்பதே பொருள். அடுத்தடுத்த ஈராண்டுகளிலும் அது வரலாம். ஒரு குளம் நூறாண்டு நிற்பதாகக் கொள்வோம். அக்காலத்தில் ஒருமுறையேனும் நூறாண்டு வெள்ளத்தையோ அதனிற் பெரியதையோ அக்குளம் சந்திப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 63. ஆயிரமாண்டு வெள்ளத்துக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 10. பதினாயிரமாண்டு வெள்ளத்துக்கு நூற்றுக்கு 1. ஆகவே, நூறாண்டு வெள்ளத்துக்கென வான் அமைக்கப்பட்ட பெருங்குளம் ஒன்று தன் வாழ்நாளில் தப்புவதினும் தோற்பதற்கே வாய்ப்பு மிகுதி. கீழே ஊர்கள் இருக்குமிடத்து இத்தகைய பந்தயத்தில் இறங்குதல் தகாது.

இவ்வழிக்கு மற்றொரு குறையும் உண்டு. ஐம்பது அறுபது ஆண்டு அளவீட்டைக் கொண்டு ஆயிரமாண்டு மழையைக் கூறுதல், சிறு துண்டு நூலைக் கொண்டு நெடுந்தொலைவை அளப்பது போன்றது. அளவீட்டுக் காலத்தில் ஓர் அரும்பெருமழை அகப்பட்டதா, தப்பியதா என்பதைப் பொறுத்து விடை பெரிதும் மாறிவிடும். வன்னியிலோ போர்க்காலத்தில் பல இடங்களில் அளவீடு தொடர்பறுந்தமையால் இக்குறை மேலும் பெரிதாகிறது.

இதற்கு வன்னியே தக்க சான்று தருகிறது. புளியங்குளத்துக்குக் கிழக்கேயுள்ள நெடுங்கேணியில் 1897 டிசம்பர் நடுப்பகுதியில் ஒரே நாளில் பெய்த மழை 31 அங்குலத்துக்கும் மேல். அதாவது ஏறத்தாழ 806 மில்லிமீற்றர். இலங்கையின் ஒருநாள் மழைப் பதிவுகளுள் தலையாயதாக இது குறிக்கப்பட்டு வந்துள்ளது. மலைநாட்டின் ஈரச் சரிவுகளிலன்றி, வறண்ட வலயம் என நாம் அழைக்கும் சமநிலத்திலே இம்மழை பெய்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ஓராண்டில் அங்குப் பெய்யும் மழையின் பாதிக்கும் மேற்பட்டதை ஒரே நாளில் அந்நிலம் கண்டது. சூறாவளியும் தாழமுக்கமும் வங்கக் கடலின் ஈரத்தை அள்ளி வந்து ஓரிடத்தில் தங்கிக் கொட்டினால், மலையின் உதவியின்றியே இவ்வாறு நேரக்கூடும்.

இங்கு ஒரு செய்தியைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். இரணைமடுவின் கட்டுமானம் தொடங்கியது 1902 இல். நெடுங்கேணி மழையோ அதற்கு ஐந்தாண்டு முற்பட்டது. எனவே, நூறாண்டாக நிற்கும் கட்டுக்கு இனி என்ன அச்சம் என்று கூறுவோர், அக்கட்டு அந்த மழையை ஒருபோதும் சந்தித்ததில்லை என்பதை மறந்து பேசுகின்றனர். குளத்தின் அநுபவம் வேறு. நிலத்தின் அநுபவம் வேறு.

ஆதலினாலே இரண்டாவது வழி வகுக்கப்பட்டது. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று கேளாமல், இயற்கையின் விதிகளுக்கு அமைய ஓரிடத்தில் எவ்வளவு மழை பெய்ய இயலும் என்று கேட்பதே அவ்வழி. இவ்வாறு பெறும் அளவு நிகழத்தக்க பெரும மழை எனப்படும். அப்பிரதேசத்தில் நேர்ந்த பெரும்புயல்களைத் தேர்ந்து, அவ்வேளை வளியில் இருந்த நீராவியோடு அங்கு இருக்கக்கூடிய உச்ச நீராவியை ஒப்பிட்டு, அவ்விகிதத்தால் மழையைப் பெருக்குவர். ஒத்த தரையமைப்புள்ள அயலிடத்தில் பெய்த மழையை, ஆராயும் நீரேந்து பரப்பின் மேல் பெய்ததாகப் பெயர்த்தும் வைப்பர். நெடுங்கேணியின் மழையை அயலிலுள்ள கனகராயன் ஆற்றுப் பரப்பின் மேல் பெயர்த்து வைத்து ஆராய்வதற்குத் தரையமைப்பில் மலை போன்ற தடை எதுவும் இல்லை.

புயல் விவரங்கள் போதாதவிடத்து ஹேர்ஷ்பீல்ட் என்பார் 1961 இல் வெளியிட்ட எளிய முறை உதவும். ஆண்டுப் பெருமழைகளின் சராசரியோடு, அவற்றின் நியமவிலகலை ஒரு காரணியாற் பெருக்கிக் கூட்டுதலே அம்முறை. ஆயிரக்கணக்கான நிலையங்களை ஆராய்ந்து அக்காரணியின் உச்சத்தை ஏறத்தாழ 15 என அவர் கண்டார். சராசரி மழை மிகுந்த இடங்களில் அது குறைவது பின்னர் காட்டப்பட்டது. விளக்கத்துக்காகச் சராசரி 120 மில்லிமீற்றர், நியமவிலகல் 45 மில்லிமீற்றர் எனக் கொண்டால், விடை 795 மில்லிமீற்றராம். நெடுங்கேணியின் அளவை நம்பத்தகாதது என்று தள்ளிவிட விரும்புவோர் இவ்விடையினைச் சிந்தித்தல் நலம்.

இனி, மழையை வெள்ளமாக மாற்றும் கணக்கினை நோக்குவாம். இரணைமடுவின் நீரேந்து பரப்பு 227 சதுர மைல். அதாவது ஏறத்தாழ 588 சதுர கிலோமீற்றர். ஒரு மானியில் அளந்த உச்ச மழை பரப்பு முழுவதும் சமமாகப் பெய்யாது. ஆகவே 806 ஐ 560 மில்லிமீற்றராகக் குறைத்துக்கொள்வோம். அப்போதும் பரப்பின் மேல் விழும் நீர் ஏறத்தாழ 329 மில்லியன் கன மீற்றர். அதிற் பாதியை மண்ணும் காடும் சிறுகுளங்களும் பிடித்துக்கொண்டன என்றே வைப்போம். மாரியின் நடுவில் மண் நனைந்து ஊறிய நிலையில் இது தாராளமான கழிவேயாம். எஞ்சிக் குளத்தை நோக்கி வருவது ஏறத்தாழ 165 மில்லியன் கன மீற்றர். அண்மைய புனரமைப்புக்கு முன்னர் இரணைமடுவின் முழுக் கொள்ளளவே ஏறத்தாழ 131 மில்லியன் கன மீற்றர்தான். இரு நாள்களில் இந்நீர் வந்து சேருமாயின், சராசரி வரவே செக்கனுக்கு 950 கன மீற்றருக்கு மேல். உச்ச வரவு அதனினும் மிகும். உச்சத்தின் அளவையும் நேரத்தையும் கணிக்க 1932 இல் ஷேர்மன் வகுத்த அலகு நீர்வரைபு என்னும் முறை பயன்படுகிறது. இலங்கையின் சிறு நீரேந்து பரப்புகளுக்கு இத்தகைய கணக்கினை எவ்வாறு செய்வது என்பதை, 1984 இல் ஏ. ஜே. பி. பொன்ராசா எழுதிய நீர்ப்பாசனத் திணைக்களக் கையேடு பொறியியலாளருக்கு வழிகாட்டியாய் விளக்கியது.

குளத்தில் வெற்றிடம் இருந்தால் வெள்ளத்தின் ஒரு பகுதியை அது விழுங்கும். ஆனால் வன்னியின் பெருமழைகள் பெரும்பாலும் நவம்பர், டிசம்பர் மாதங்களில், குளங்கள் நிறைந்துகொண்டிருக்கும் வேளையிலேயே வருகின்றன. ஆதலின் வெள்ளம் தொடங்கும்போது குளம் நிரம்பியுள்ளது எனக் கொள்வதே காப்பான கணக்கு. இவ்விடத்தில் உழவரின் நலமும் கட்டின் நலமும் முரண்படுகின்றன. சிறுபோகத்துக்கு ஓர் அடி நீரேனும் கூடுதலாக வேண்டும் என்பது உழவரின் நியாயமான விருப்பம். இரணைமடுவின் கொள்ளளவு பலமுறை உயர்த்தப்பட்டதும் அவ்விருப்பத்தாலேயே. ஆனால் நீர்மட்டத்தை உயர்த்துந்தோறும் வானின் ஆற்றலையும் மீளக் கணித்தல் கடமையாகும். கதவுள்ள வான் ஆயின் அதனை இயக்கும் மனிதர், மின்சாரம், மழை முன்னறிவிப்பு யாவும் நள்ளிரவிலும் தவறாது இயங்கவேண்டும்.

எல்லாக் குளத்துக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. 1985 இல் வெளியான இந்திய நியமம், 60 மில்லியன் கன மீற்றருக்கு மேற்பட்ட கொள்ளளவுள்ள அணைகளுக்கு நிகழத்தக்க பெரும வெள்ளத்தையும், சிறிய அணைகளுக்கு நூறாண்டு வெள்ளத்தையும் விதித்தது. அவ்வளவுகோலால் நோக்கின் இரணைமடு பெரும வெள்ளத்துக்கே அமைக்கவேண்டிய குளமாகும். கிராமத்துச் சிறுகுளத்துக்கு அவ்வளவு பெரிய வான் கட்டுதல் இயலாது, வேண்டுவதும் இல்லை. ஆயினும் வன்னியின் சிறுகுளங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொடராய் அமைந்தவை. மேற்குளம் உடைந்தால் அதன் நீரும் கீழ்க்குளத்தின் மேல் வந்து விழும். ஆகவே சிறுகுளத்தின் காப்பு அதன் கீழேயுள்ள பெருங்குளத்தின் காப்பிலும் ஒரு பங்காம்.

கணிப்புக் குறைந்தால் விளைவது யாதென்பதை வெளிநாட்டு அநுபவங்கள் உணர்த்துகின்றன. குசராத்திலே மச்சு ஆற்றின் இரண்டாம் அணை செக்கனுக்கு ஏறத்தாழ 5,660 கன மீற்றர் நீரை வெளியேற்ற அமைந்தது. 1979 ஆகஸ்ட் 11 ஆம் நாள் வந்த வெள்ளமோ அதன் மூன்று மடங்கை நெருங்கியது. மண்கட்டு உடைந்து மோர்பி நகரம் அழிந்தது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1975 ஆகஸ்டில் சீனத்துப் பான்சியாவ் அணை உடைந்த வேளையில், அப்பகுதியில் ஒரே நாளில் 1,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்திருந்தது. இவ்வணைகளை அமைத்தோர் அறிவிலார் அல்லர். தம் கையிலிருந்த குறுகிய பதிவை நிலத்தின் முழு வரலாறாகக் கொண்டமையே குறையாயிற்று.

இன்று பிறிதொரு காரணமும் சேர்ந்துள்ளது. வளியின் வெப்பம் ஒரு பாகை செல்சியசு உயர்ந்தால், அது கொள்ளக்கூடிய நீராவி நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கு மிகும். ஆகவே முன்னோர் கணித்த பெரும மழையும் நிலையான எண்ணன்று, காலந்தோறும் திருத்தத்தக்கது. 2025 நவம்பர் இறுதியில் டித்வாச் சூறாவளி இலங்கை முழுவதும் விளைத்த பேரழிவு இவ்வுண்மையை நாட்டுக்கு நினைவூட்டியது.

முடிவாகக் கூறுமிடத்து, ஒரு குளத்தின் பெருமை அது தேக்கும் நீரால் மட்டும் அளக்கப்படுவதன்று. தீங்கின்றி வெளியேற்றக்கூடிய நீராலும் அளக்கப்படவேண்டும். அதற்கு வேண்டிய முதற்கருவி பெரிய இயந்திரமன்று. நாள்தோறும் ஒழுங்காக வாசித்துக் குறிக்கப்படும் மழைமானியே. 1897 இல் நெடுங்கேணியில் மழைமானியை வாசித்து எண்ணைக் குறித்துவைத்த கைகள் யாருடையனவோ, அவற்றுக்கு இன்று கட்டின் கீழ் வாழும் ஒவ்வொரு குடும்பமும் கடப்பாடுடையது. கணிதமும் பௌதிகமும் புவியியலும் கற்கும் நம் மாணவர் அப்பதிவுகளைத் தேடித் தொகுத்து, விடுபட்டவற்றை நிரப்பி, தம் ஊர்க் குளத்தின் வானை அளந்து கணக்கிட்டுப் பார்ப்பாராயின், அக்கல்வி ஏட்டோடு நில்லாது நாட்டுக்குப் பயன்படும்.