அறிவை எப்படி சதவீதத்தில் அளக்கிறார்கள்? மாற்றுத்திறனாளி அட்டைக்கு முன் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

"கை, கால் குறைபாடுன்னா பார்த்தாலே தெரியும். அறிவை எப்படி சார் சதவீதத்துல சொல்றாங்க?" அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு அட்டை வாங்க வரும் பெற்றோருக்கு எழும் நியாயமான கேள்வி இது. இந்தச் சதவீதத்தில் நீங்கள் சொல்லும் பதிலுக்கும் பெரிய பங்கு உண்டு.

ஒப்பிட்டுத்தான் அளக்கிறார்கள்

ஒரே வயதுக் குழந்தைகள் பலரைச் சோதித்து, அந்த வயதில் பொதுவாக என்னென்ன செய்ய முடிகிறது என்று முதலில் கணக்கெடுப்பார்கள். பிறகு உங்கள் பிள்ளையை அந்த அளவோடு ஒப்பிடுவார்கள். 1905-ல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே, படிப்பில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிய இப்படியொரு தேர்வை உருவாக்கினார். அதை 1934-ல் வி.வி. காமத் இந்தியக் குழந்தைகளுக்கு ஏற்ப மாற்றினார்.

கேள்வி உங்களுக்கும் உண்டு

வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலின் இந்திய வடிவத்தில் 89 அம்சங்கள் உள்ளன. தானே சாப்பிடுவானா, சட்டைப் பட்டன் போடுவானா, பக்கத்துத் தெருவுக்குத் தனியாகப் போய் வருவானா என்று பெற்றோரிடம் கேட்பார்கள். பதில்களிலிருந்து 'சமூக வயது' கிடைக்கும். அதை உண்மை வயதால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் மதிப்பெண். 10 வயதுப் பையனின் சமூக வயது 5 என்றால் மதிப்பெண் 50.

2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் அளவுகள் இப்படி இருந்தன:

• 70–84: 25%
• 55–69: 50%
• 36–54: 75%
• 21–35: 90%
• 0–20: 100%

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் கீழ் பல சலுகைகளுக்கு 40% தேவை.

உள்ளதைச் சொல்லுங்க

சொந்தக்காரர் கேட்டால், "அவனே எல்லாம் பண்ணிக்குவான்" என்று சொல்லிவிடுவோம். மருத்துவமனையில் அப்படிச் சொன்னால், அதே பையனின் சமூக வயது ஏழரை என்று பதிவாகலாம். 2018 வழிகாட்டுதலின் அளவுப்படி மதிப்பெண் 75, ஊனம் 25%; சலுகை கைநழுவும். கூட்டிச் சொல்வதும் தப்பு. பிள்ளையால் முடிந்ததுகூட முடியாது என்று பதிவானால், பயிற்சியும் அதற்கேற்பக் குறைந்துவிடும்.

'செய்யத் தெரியும்' வேறு, 'தினமும் தானே செய்கிறான்' வேறு. நீங்கள் ஊட்டிவிடுகிறீர்கள் என்றால் அதையே சொல்லுங்க. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசினால் முன்கூட்டியே தெரிவியுங்க. புரியாத மொழியில் கேட்ட கேள்வி அறிவை அளக்காது.

விண்ணப்பிக்க

செல்போனிலேயே மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் தளத்தில் யு.டி.ஐ.டி. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஆதார், புகைப்படம் தயாராக இருக்கட்டும். சிரமமாக இருந்தால் அருகிலுள்ள இ-சேவை மையத்துக்குப் போங்க. தருமபுரி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் வழி கேட்கலாம். பழைய பள்ளி, மருத்துவப் பதிவுகளைப் பரிசோதனைக்கு எடுத்துச் செல்லுங்க.

இந்த எண் பிள்ளையின் தலையெழுத்து அல்ல. இன்று அவனுக்கு எவ்வளவு துணை வேண்டும் என்பதையே அது காட்டுகிறது. பயிற்சியால் திறன் கூடும் என்பதால் மறுமதிப்பீடும் உண்டு. அட்டையில் உள்ள செல்லுபடித் தேதியை மறக்காம பாருங்க.