திருவிழா முடிந்து பத்தாம் நாள் வரும் காய்ச்சல்

கார்டன் ரீச் வட்டாரத்தில் வேலை பார்க்கும் நம்மவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை லீவு போட்டு ஊருக்குப் போவது வழக்கம். ரயில்வே தலைமை அலுவலக குமாஸ்தாவும் போவார்; கப்பல் கட்டும் தளத்துத் தொழிலாளியும் போவார். போனால் குலதெய்வத்தைப் பார்க்காமல் திரும்ப முடியுமா? ஊருக்கு வெளியே புதரும் வேலிக்காத்தானும் சூழ்ந்த கோயில். அங்கே பொங்கலிட்டு, படையல் போட்டு, இரவு மரத்தடியிலேயே பாய் விரித்துப் படுத்து, மறுநாள் காலை வீடு திரும்புகிறோம். பிறகு கோரமண்டல் எக்ஸ்பிரஸ், மறுபடியும் ஆபீஸ்.

பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வருகிறது. தலைவலி மண்டையைப் பிளக்கிறது, உடம்பெல்லாம் வலி. "கொல்கத்தாவின் கொசுதான் காரணம்" என்று முடிவு கட்டி, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். மலேரியாவும் டெங்குவும் உள்ள ஊர்தான் இது. ஆனால் குற்றவாளி கொசுவாக இல்லாமல், கோயில் தோப்பில் கடித்த ஒரு சிறு பூச்சியாகவும் இருக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத கடி

தமிழகத்தில் 'உண்ணிக் காய்ச்சல்' என்றும், டாக்டர்களால் 'ஸ்க்ரப் டைபஸ்' என்றும் சொல்லப்படும் நோய் இது. பெயர் உண்ணி என்றாலும், மாட்டின் மடியிலும் நாயின் காதிலும் நாம் பார்க்கும் கொழுத்த உண்ணி இதைப் பரப்புவதில்லை. அதற்கு உறவான, அதைவிட மிகச் சிறிய ஒரு பூச்சியின் குஞ்சுதான் பரப்புகிறது. புல்லிலும் புதரிலும் காத்திருந்து, அங்கே உட்காருபவர், படுப்பவர் மீது ஏறிக்கொள்ளும். கடித்தது தெரியாது. வலியும் இருக்காது.

இரண்டாம் உலகப் போரில் அஸ்ஸாம்-பர்மா முனையில் போரிட்ட படைகளை வாட்டிய நோய் இதுவே. இன்றும் தமிழகத்தில் மழையும் பனியும் சேர்ந்த மாதங்களில் தலைகாட்டுகிறது. மேற்கு வங்கத்திலும் இருக்கிறது. கொல்கத்தா மருத்துவமனைகளுக்கு வரும் குழந்தைகளிடமும் கண்டறியப்பட்டிருக்கிறது.

கடித்த ஆறு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரலாம். ஊரிலிருந்து இங்கே வந்து சேர இரண்டு நாள்கூட ஆகாது. ஆகவே கடி ஓர் ஊரில், காய்ச்சல் வேறோர் ஊரில். நாம் சொல்லாவிட்டால் இங்குள்ள டாக்டருக்குத் தோப்பும் தெரியாது, புதரும் தெரியாது.

கறுத்த பொருக்கு

ஓர் அடையாளம் உண்டு. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்குப் புண் தோன்றும். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் துணி இறுக்கும் இடம், பெண்களுக்கு மார்பின் கீழ்ப்பகுதி என்று மறைவான இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். கூச்சப்படாமல் தேடிப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் இது வருவதில்லை. புண் இல்லை என்பதால் நோயும் இல்லை என்று இருந்துவிடக் கூடாது.

உரிய காலத்தில் தெரிந்தால் டாக்ஸிசைக்ளின் அல்லது அஸித்ரோமைசின் என்ற மருந்தில் குணமாகும். விலை அதிகமில்லாத மருந்துகள்தாம். ஆனால் கடையில் கேட்டு வாங்கும் அமாக்ஸிசிலின் போன்றவை இந்தக் கிருமியைத் தொடுவதே இல்லை. நாள் கடந்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பாதித்து உயிருக்கே ஆபத்தாகும். அத்தகைய கடுமையான நோயாளிகளுக்கு இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுப்பதே மேலானது என்று, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் காட்டியது. எந்த மருந்து, எவ்வளவு என்பதை டாக்டரே முடிவு செய்ய வேண்டும்.

பெரிய உண்ணியும் சாதுவல்ல

கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் 1957-ல் குரங்குகள் செத்து விழுந்தன. மனிதருக்கும் காய்ச்சல் கண்டது. அந்தக் 'குரங்குக் காய்ச்சலை'ப் பரப்பியது காட்டு உண்ணி. நோயையே தீர்க்கும் தனி மருந்து அதற்கு இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெட்டவெளி விழாக்களில் கூடாரம் அடித்துத் தங்குபவர்கள் உண்ணி பரப்பும் 'லைம்' நோய்க்கு அஞ்சுகிறார்கள்.

உண்ணி தோலில் ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றுவதும், சுண்ணாம்பு தடவுவதும், தீக்குச்சியால் சுடுவதும் தவறு. கூர்மையான சாமணத்தால், தோலை ஒட்டி அதன் தலைப்பக்கத்தைப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுத்து எடுக்க வேண்டும். விரலால் நசுக்கக் கூடாது. பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

தங்கும்போது கவனிக்க

குலதெய்வக் கோயிலானாலும், நமக்குப் பொங்கல் திருநாளான மகர சங்கராந்திக்குக் கங்காசாகர் மேளாவானாலும் எச்சரிக்கை ஒன்றுதான். வெறும் புல்லிலோ வைக்கோலிலோ படுக்காதீர்கள். கட்டில் இல்லாவிட்டால் தார்ப்பாய் விரித்து அதன்மேல் படுங்கள். துவைத்த துணியைப் புதரின் மேல் உலர்த்தாதீர்கள். காலைக்கடனுக்குப் புதருக்குள் போகாமல் கழிப்பறையைத் தேடுங்கள். கையும் காலும் மூடிய உடை நல்லது. பூச்சி அண்டாத களிம்பு கிடைத்தால் பூசிக்கொள்ளுங்கள். திரும்பியதும் சோப்புத் தேய்த்துக் குளித்து, உடுத்திய துணிகளை வெந்நீரில் துவையுங்கள். குழந்தைகளின் காது, அக்குள், தலைமயிரைப் பாருங்கள்.

இதற்காக யாரும் பொங்கலிடப் போகாமல் இருக்க வேண்டியதில்லை. திரும்பி வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், டாக்டர் கேட்கும் வரை காத்திராமல், "ஊருக்குப் போயிருந்தேன், தோப்பில் படுத்திருந்தேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். வங்காளமோ இந்தியோ சரளமாக வராதவர்கள், தெரிந்த நண்பர் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போவது நல்லது. அந்த ஒரு வார்த்தை உயிரைக் காக்கலாம்.