விண்ணப்பிக்காத பிள்ளைக்கும் மதிய உணவு: இங்கிலாந்தின் 'தானாகப் பதிவு' எப்படி வேலை செய்கிறது?

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய இணையதளத்துக்குள் போனால் உங்கள் சம்பளம், வங்கி வட்டி, பங்குகளில் வந்த டிவிடெண்ட் எல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் வாய் திறக்கும் முன்பே அரசுக்குத் தெரிகிறது. அதே அரசிடம் தம்பிக்குக் கல்வி உதவித்தொகை கேட்டுப் போங்கள், "அப்பாவோட வருமானச் சான்றிதழ் எங்கே?" என்பார்கள். அப்புறம் இ-சேவை மையம், வரிசை, 'சர்வர் டவுன்'. வாங்கும்போது தெரிகிற வருமானம் கொடுக்கும்போது மட்டும் எப்படித் தெரியாமல் போகிறது?

இங்கிலாந்தில் பள்ளி மதிய உணவை வைத்துப் பல ஆண்டுகளாக ஓடுவதும் ஏறக்குறைய இதே வாதம்தான். ஒரு குடும்பம் ஏழ்மையில் இருப்பது அரசின் கணினியில் பதிவாகியிருக்கும்போது, பிள்ளையின் சாப்பாட்டுக்காக அந்தக் குடும்பம் ஏன் இன்னொரு தடவை விண்ணப்பிக்க வேண்டும்?

முதலில், அங்கே யாருக்கு இலவசம்?

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பகுதியே கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். 1982-ல் எம்.ஜி.ஆர் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில், தட்டை நீட்டும் பிள்ளையிடம் "உங்கப்பா எவ்வளவு சம்பாதிக்கிறார்?" என்று கேட்பதில்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும் கேட்பதில்லை.

இங்கிலாந்தில் அப்படியில்லை. 2014 செப்டம்பர் முதல் ரிசப்ஷன், முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் உணவு இலவசம். லண்டனில் மட்டும் மேயரின் நிதியில் 2023 செப்டம்பர் முதல் அரசு நிதியில் நடக்கும் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும் இலவசம். மற்ற பெரும்பாலான இடங்களில் மூன்றாம் வகுப்புக்குப் போனதும் வருமானக் கணக்கு தொடங்கிவிடும். 2018-ல் வந்த விதிப்படி, குடும்பம் 'யுனிவர்சல் கிரெடிட்' என்ற அரசு உதவித்தொகை வாங்க வேண்டும். அதோடு, வேலையில் வரும் வருமானம் வரி போக ஆண்டுக்கு 7,400 பவுண்டைத் தாண்டக் கூடாது. ரூபாயில் மாற்றிப் பார்த்து 'இவ்வளவா!' என்று நினைக்காதீர்கள். 2025 ஏப்ரலில் நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டு. அந்தக் கூலியில் வாரம் 12 மணி நேரம் வேலை பார்த்தாலே வரம்பைத் தாண்டிவிடுவீர்கள்.

இந்த வரம்பைத்தான் அரசு இப்போது விலக்குகிறது. 2026 செப்டம்பர் முதல் யுனிவர்சல் கிரெடிட் வாங்கும் எல்லாக் குடும்பங்களின் பிள்ளைகளும் தகுதி பெறுவார்கள் என்று 2025 ஜூனில் அறிவித்தார்கள். இதனால் கூடுதலாக 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பயன்பெறுவார்கள் என்பது அரசின் கணக்கு. ஆனால் தகுதி கிடைப்பது வேறு, சாப்பாடு கிடைப்பது வேறு. நடுவில் ஒரு படிவம் இருக்கிறது.

ஒரு படிவம்தானே, அதில் என்ன கஷ்டம்?

பெற்றோரின் பெயர், பிறந்த தேதி, தேசியக் காப்பீட்டு எண். பத்து நிமிட வேலைதான். ஆனாலும் 2013-ல் அந்நாட்டுக் கல்வித் துறை வெளியிட்ட ஆய்வின்படி, தகுதியுள்ள பிள்ளைகளில் சுமார் 11 சதவீதம் பேர் பதிவாகவில்லை. பள்ளிக் கடிதத்தின் ஆங்கிலம் புரியாதவர்கள் உண்டு. தங்களுக்குத் தகுதி இருப்பதே தெரியாதவர்கள் உண்டு. போன வருடம் மறுக்கப்பட்டு, இந்த வருடம் சம்பளம் குறைந்த பிறகும் 'திரும்பக் கேட்டு என்ன ஆகப்போகுது' என்று விட்டவர்கள் உண்டு. கேட்கக் கூச்சப்படுகிறவர்களும் உண்டு. படிவத்தை நிரப்ப நேரமும் தெம்பும் யாரிடம் குறைவோ, அவர்களுக்காகத்தான் அந்தப் படிவமே இருக்கிறது என்பது இதிலுள்ள வேடிக்கை.

இதைவிட விநோதமான சிக்கல் சின்ன வகுப்புகளில் இருக்கிறது. அங்கே எல்லாருக்கும் சாப்பாடு இலவசம் என்பதால், பெற்றோர் படிவம் கொடுக்க ஒரு காரணமும் இல்லை. ஆனால் 2011 முதல், ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்குக் கிடைக்கும் 'பியூபில் பிரீமியம்' என்ற கூடுதல் நிதி இந்தப் பதிவை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. 2024-25-ல் தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு ஆண்டுக்கு 1,480 பவுண்டு. ஒரு முறை பதிவானால், பிறகு குடும்ப வருமானம் கூடினாலும், ஆறு ஆண்டுகள் வரை அந்தப் பிள்ளை கணக்கில் இருக்கும். அதாவது, ஐந்து வயதுப் பிள்ளையின் அம்மா 'சாப்பாடுதான் கிடைக்குதே' என்று படிவத்தை ஓரமாக வைத்தால், அந்தப் பள்ளி இழக்கக்கூடியது 8,000 பவுண்டுக்கு மேல். தனிக் கவனிப்புக்கு வைத்திருக்கும் உதவி ஆசிரியரின் சம்பளத்தில் ஒரு பங்கு அது.

'தானாக' என்றால் எப்படி?

மந்திரம் எதுவும் இல்லை, இரண்டு பட்டியல்களை ஒப்பிடுவதுதான். வீட்டு வாடகை உதவி, கவுன்சில் வரிச் சலுகை பெறுகிறவர்கள் யார் என்று உள்ளாட்சிக் கவுன்சிலிடம் ஏற்கெனவே பட்டியல் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் பட்டியலும் கைக்கெட்டும் தூரத்தில்தான். இரண்டிலும் பொருந்தும் பெயர்களைக் கல்வித் துறையின் தகுதிச் சரிபார்ப்பு முறையில் போட்டுப் பார்க்கிறார்கள். தகுதி உறுதியானால் வீட்டுக்கு ஒரு கடிதம்: 'உங்கள் பிள்ளையைப் பதிவு செய்யப்போகிறோம். வேண்டாம் என்றால் இந்தத் தேதிக்குள் சொல்லுங்கள்.' பதில் வராவிட்டால் பதிவு. ஷெஃபீல்டு நகரம் இதை முதலில் செய்தவற்றில் ஒன்று. பிறகு பல கவுன்சில்கள் பின்தொடர்ந்தன.

சட்டம் இதற்கு இடம் தருகிறதா? 1996 கல்விச் சட்டத்தின்படி இலவச உணவுக்கு ஒரு 'கோரிக்கை' வந்தாக வேண்டும். ஆனால் அந்தக் கோரிக்கை அவராலோ 'அவர் சார்பாகவோ' வரலாம் என்கிறது சட்டம். அந்த 'சார்பாக' என்ற சொல்லில்தான் கவுன்சில்களுக்கு வழி கிடைக்கிறது.

இந்த ஏற்பாட்டில் ஓட்டையும் இருக்கிறது. வாடகை உதவியோ வரிச் சலுகையோ பெறாத குடும்பம் கவுன்சில் பட்டியலில் இருக்காது. யுனிவர்சல் கிரெடிட் தகவல் மத்திய அரசிடம். ஒவ்வொரு கவுன்சிலும் தனித்தனியாக வழக்கறிஞரைக் கேட்டு, தரவு ஒப்பந்தம் போட்டு, அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. பிள்ளைக்குச் சாப்பாடு கிடைப்பது வீடு எந்தக் கவுன்சில் எல்லையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்றாகிவிடுகிறது. நாடு முழுக்க ஒரே முறை வேண்டும் என்று கேட்பது அதனால்தான்.

செய்ய முடியாத காரியமும் இல்லை. அமெரிக்காவில் 'ஸ்நாப்' உணவு உதவி பெறும் வீட்டுப் பிள்ளைகளை விண்ணப்பமின்றிச் சேர்க்க வேண்டும் என்று 2004-லேயே சட்டம் போட்டார்கள். 2010-ல் இன்னொரு படி மேலே போய், இப்படி அடையாளம் காணப்பட்ட பிள்ளைகள் 40 சதவீதம் இருக்கும் பள்ளிகள் எல்லாருக்குமே இலவசமாகப் போடலாம் என்றார்கள். 2023-ல் அந்த அளவு 25 சதவீதமாகக் குறைந்தது.

நம் ஊருக்கு இதில் என்ன?

'பட்டியல்களை இணைப்பது' என்றாலே இந்தியாவில் நமக்கு ஒரு பயம் வரும். ஆதார் இணைப்பில் எழுத்து மாறிப்போய் ரேஷன் நின்ற கதைகளைப் படித்தவர்கள்தானே நாம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் ஷெஃபீல்டு முறையில் ஒரு வித்தியாசம் உண்டு: பெயர் பொருந்தினால் சேர்க்கிறார்கள், பொருந்தவில்லை என்பதற்காக யாரையும் நீக்குவதில்லை. பழைய படிவம் அப்படியே திறந்திருக்கிறது. என் கருத்தில், உதவித்தொகைக்கோ தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடஒதுக்கீட்டுக்கோ ரேஷன் அட்டைப் பட்டியலை இப்படிப் பயன்படுத்த நினைத்தால், முதலில் எழுத வேண்டிய விதி அதுதான்.

கடைசியாக, இங்கிலாந்தில் இருக்கும் உங்கள் நண்பர்களுக்கு ஒரு தகவல். விசா நிபந்தனையால் அரசு உதவித்தொகை பெற முடியாத குடும்பங்கள் இந்தப் பட்டியல்கள் எதிலும் இருக்க மாட்டார்கள், ஆகவே தானாகப் பதிவு அவர்களைத் தொடாது. ஆனால் வருமானம் குறிப்பிட்ட வரம்புக்குள் இருந்தால் அவர்களின் பிள்ளைகளும் இலவச உணவு கேட்கலாம். பராமரிப்புப் பணி விசாவில் குடும்பத்தோடு போனவர்களில் பலருக்கு இது தெரிந்திருக்காது, விசாவுக்குப் பிரச்னை வருமோ என்று தயங்கவும் கூடும். குடிவரவு விதிகள் பட்டியலிடும் 'பொது நிதி'யில் பள்ளி உணவு கிடையாது. பள்ளியிலோ கவுன்சிலிலோ படிவத்தைக் கேட்டு வாங்கி நிரப்பச் சொல்லுங்கள்.