சாரல் காலத்துச் சாம்பியன் கனவு: உங்களுக்குத் தெரியுமா?

குற்றாலத்தில் சாரல் அடிக்கத் தொடங்கிவிட்டால் தென்காசிக்காரர்களுக்குப் பகலில் அருவி, ராத்திரியில் கிரிக்கெட்! செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வருகிற ஆனி, ஆடி மாதங்களில்தான் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் தண்ணீர் கொட்டும். பெரும்பாலும் அதே ஆனி, ஆடியில்தான் தமிழ்நாடு பிரீமியர் லீக்கும் நடக்கும். அருவிக்கு வரிசையில் நிற்கிறவர், நேற்று நெல்லை ஜெயித்ததா தோற்றதா என்று பக்கத்து ஆளிடம் கேட்பதை எங்கள் ஊரில் எந்தச் சீசனிலும் கேட்கலாம்.

சரி, பேரருவியில் உங்கள் தலையில் விழுந்த தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது, தெரியுமா? சிற்றாறாக இறங்கி, தென்காசியைத் தாண்டி, வழியில் இருக்கிற குளங்களையெல்லாம் நிரப்பி, கங்கைகொண்டானைத் தொட்டுக்கொண்டு, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. அந்தக் கங்கைகொண்டானுக்குத் தெற்கே, திருநெல்வேலி–மதுரை சாலையில் சில கிலோமீட்டர் வந்தால் தாழையூத்து சங்கர் நகர். நெல்லை ராயல் கிங்ஸ் அணியின் சொந்த மைதானம் அங்கேதான் இருக்கிறது. குற்றாலத்துத் தண்ணீர் நம் அணியின் வாசலை ஒட்டித்தான் போகிறது!

அந்த மைதானம் ஒரு சிமெண்ட் ஆலைக்காரர்களுடையது என்பது தெரியுமா? இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் முதல் ஆலை 1949-ல் உற்பத்தியைத் தொடங்கிய இடம் இது. நிறுவனர்களில் ஒருவரான சங்கரலிங்க ஐயரின் பெயரால்தான் சங்கர் நகர். 2008-ல் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை வாங்கியதும் இதே நிறுவனம்தான். தோனியின் அணிக்கும் தாழையூத்துச் சுண்ணாம்புக் கல்லுக்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறது.

2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. மாவட்டம் பிரிந்ததே தவிர அணி பிரியவில்லை. சங்கரன்கோவில்காரருக்கும் கடையநல்லூர்காரருக்கும் செங்கோட்டைக்காரருக்கும் இன்றைக்கும் "நம்ம டீம்" என்றால் நெல்லைதான்.

இந்த அணிக்கு முதலில் நெல்லையோடு தொடர்பே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. லீக் தொடங்கிய 2016-ல் அது திருவள்ளூர் வீரன்ஸ். பிறகு காஞ்சி வீரன்ஸ். 2021-ல்தான் நெல்லை ராயல் கிங்ஸ் ஆனது. வந்த மறுவருடமே, 2022 ஜூன் 23 அன்று, சீசனின் முதல் ஆட்டத்தில் பலம் மிகுந்த சேப்பாக் சூப்பர் கில்லீஸ் அணியோடு மோதி, இரண்டு பக்கமும் ரன் சமமாகி, சூப்பர் ஓவரில் ஜெயித்தது. அந்த வருடம் இரண்டாவது தகுதிச்சுற்று வரை போய்த்தான் நின்றார்கள். நேற்றுப் பெயர் வைத்த அணிக்கு இது சின்னக் காரியமா?

ஆனால் நான் சொல்ல வந்த அதிசயம் 2023.

அந்த வருடத்து லீக்கே அதிசயங்களின் கூடாரம்தான்! முதல்முறையாக ஏலம் வைத்து வீரர்களை எடுத்தார்கள். சாய் சுதர்சனைக் கோவை அணி எடுத்த விலை 21.6 லட்சம் ரூபாய். அப்போது ஐபிஎல்லில் அவர் விலை 20 லட்சம்! உள்ளூர் லீக்கில் ஐபிஎல்லைவிட அதிக விலைக்குப் போன ஆள் அவர். ஒரே ஒரு பந்தில் 18 ரன் போனதும் அந்த வருடம்தான். ஜூன் 13 அன்று சேப்பாக் அணிக்கு எதிராகச் சேலம் அணியின் கேப்டன் கடைசிப் பந்தை வீசப்போய், நோபால், நோபால், நோபால், வைடு என்று நீண்டு, உருப்படியாக விழுந்த பந்தும் சிக்ஸராகப் பறந்தது. மறுநாளே இன்னொரு அதிசயம். ஓர் அவுட்டை எதிர்த்து பேட்ஸ்மேன் ரிவ்யூ கேட்டார், நடுவர் முடிவை மாற்றினார். அந்த மாற்றிய முடிவை எதிர்த்து அஸ்வின் மறுபடி ரிவ்யூ கேட்டார்! ரிவ்யூவுக்கே ரிவ்யூ. மூன்றாவது நடுவர் அசையவில்லை, நாட் அவுட் நாட் அவுட்தான்.

இத்தனை கூத்துக்கும் நடுவில் நம் பிள்ளைகள் சத்தமில்லாமல் ஏறி வந்தார்கள். குருசாமி அஜிதேஷ் என்ற பெயரை அதுவரை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? கோவையிலேயே, கோவை அணியை எதிர்த்து, அந்தப் பையன் 60 பந்தில் 112 அடித்தார். அதே ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் சாய் சுதர்சன் 90. விலை உயர்ந்தவர் அடித்த 90-ஐ, பெயர் தெரியாதவர் அடித்த 112 முந்திக்கொண்டு போனது! அந்தச் சீசன் முடிந்தபோது லீக்கிலேயே அதிக ரன் எடுத்தவர் அஜிதேஷ்தான், 385 ரன். வெளியேற்றுச் சுற்றில் மதுரையை மயிரிழையில் தாண்டினார்கள். அடுத்தது திண்டுக்கல்.

2023 ஜூலை 10. இரண்டாவது தகுதிச்சுற்று, சங்கர் நகர் மைதானம். திண்டுக்கல் 185 ரன் அடித்து வைத்திருக்கிறது. துரத்திய நெல்லைக்குக் கடைசி 12 பந்தில் 37 ரன் வேண்டும். கையில் விக்கெட் இருக்கிறது, பந்துதான் இல்லை. எழுந்து பஸ் பிடிக்கப் போகலாமா என்று யோசிக்கிற நேரம் அது. அஜிதேஷ் ஒரு பக்கம், ரித்திக் ஈஸ்வரன் என்ற இன்னொரு இளைஞர் மறுபக்கம். 19-வது ஓவர் தொடங்குகிறது. சிக்ஸர். இன்னொன்று. இன்னுமொன்று. பந்து கூட்டத்துக்குள் போய் விழுகிறது, திரும்பி வருகிறது, மறுபடி கூட்டத்துக்குள் போகிறது. ஓவர் முடிந்தபோது எத்தனை ரன் தெரியுமா? 33! ஒரே ஓவரில் முப்பத்து மூன்று!

ஐந்தருவியில் திடீரென்று வெள்ளம் வரும்போது போலீஸ் விசில் ஊதுவதற்குள் தண்ணீர் செம்மண் நிறமாக மாறிவிடும், பார்த்திருப்பீர்கள். அந்த ஓவர் அப்படித்தான் வந்தது. யாருக்கும் சுதாரிக்க நேரமில்லை. கடைசி ஓவரில் நான்கே ரன் பாக்கி. அதையும் திண்டுக்கல் லேசில் விடவில்லை, இழுத்துப் பிடித்தது. முடித்ததும் ஒரு சிக்ஸர்தான். ஈஸ்வரன் 11 பந்தில் 39, அதில் ஆறு சிக்ஸர். அஜிதேஷ் ஆட்டமிழக்காமல் 73. நெல்லை இறுதிப்போட்டியில்!

அந்த அணியின் கேப்டன் யார், தெரியுமா? அருண் கார்த்திக். 2011 அக்டோபர் 5 அன்று பெங்களூரில் நடந்த சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில், கடைசிப் பந்தில் ஆறு ரன் வேண்டும் என்ற நிலையில், ஆறே அடித்துப் பெங்களூரு அணியைக் கரையேற்றியவர் அவர்தான். பந்தும் ரன்னும் கழுத்தை நெரிக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதைச் செய்து காட்டிய மனிதர், பன்னிரண்டு வருடம் கழித்துத் தன் பையன்கள் சிக்ஸரில் ஆட்டத்தை முடிப்பதைப் பார்த்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

ஜூலை 12, இறுதிப்போட்டி. அதே சங்கர் நகர், சொந்த ஊர். எதிரே லைகா கோவை கிங்ஸ். கோவை 205. நெல்லை 101-க்கு எல்லாரும் அவுட். 104 ரன் வித்தியாசத்தில் தோல்வி. சுழற்பந்து வீச்சாளர் ஜாதவேத் சுப்ரமணியன் நான்கு விக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாளுக்கு முன்பு 33 ரன் அடித்த அணியா இது என்று ஊரே திகைத்து நின்றது.

அது அவமானம் என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு நான் ஜப்பானில் நடந்த ஒரு கதையைச் சொல்வேன்.

ஜப்பானில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பேஸ்பால் போட்டி எவ்வளவு பெரியது தெரியுமா? கோஷியன் என்ற மைதானம், 1924-ல் திறந்தது. ஆகஸ்ட் வெயிலில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்கார்ந்து பதினேழு வயதுப் பையன்கள் ஆடுவதைப் பார்ப்பார்கள். 2018-ல் அந்தப் போட்டிக்கு நூறாவது தொடர். அகிதா என்ற வடபகுதியிலிருந்து கனாஷி நோக்யோ என்று ஓர் அணி வந்தது. அது வேளாண்மைப் பள்ளி! நாற்று நடவும் கால்நடை வளர்க்கவும் சொல்லித்தருகிற பள்ளி. மற்றப் பெரிய பள்ளிகள் நாடு முழுக்கத் தேடி ஆள் சேர்க்கும். இவர்கள் ஒன்பது பேரும் உள்ளூர்ப் பிள்ளைகள். அந்த ஒன்பது பேரே ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்று ஆள் இல்லாமல் ஆடினார்கள்.

காலிறுதியில் ஒரு காட்சி. கடைசி இன்னிங்ஸ், 1–2 என்று பின்தங்கி இருக்கிறார்கள். மூன்று பேஸிலும் ஆள் நிற்கிறது. அடிக்க வந்தவர் மட்டையை ஓங்கவே இல்லை. பந்தை மெல்லத் தொட்டுக் காலடியில் உருட்டிவிட்டார். மூன்றாவது பேஸில் இருந்தவர் ஓடி வந்து சேர்ந்தார், ஆட்டம் சமன். எதிரணி பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தது. அந்த நேரத்துக்குள் இரண்டாவது பேஸில் நின்ற பையனும் நிற்காமல் ஓடி வந்து, மண்ணில் சறுக்கி, ஹோம் பேஸைத் தொட்டுவிட்டான்! 3–2. ஒரு தட்டலில் இரண்டு ஓட்டம்! நம் 19-வது ஓவரில் பலம் வேலை செய்தது, அங்கே துணிச்சல் வேலை செய்தது. இரண்டையும் பார்த்தவன் வாயடைத்துத்தான் போவான்.

அந்த அணியின் பந்து எறியும் பையன் கோசெய் யோஷிதா. அந்தத் தொடரில் மட்டும் அவன் எறிந்த பந்துகள் 881. பிள்ளைகளின் தோள் என்னாகும் என்று நாடே கேட்டது. 2020-ல் ஒரு வாரத்துக்கு 500 பந்துக்கு மேல் ஒருவர் எறியக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. அது வந்தே ஆக வேண்டிய கட்டுப்பாடு. நம் ஊர்ப் பயிற்சியாளர்களும் இதை மனதில் வைக்க வேண்டும், வேகப்பந்து வீசுகிற பதினைந்து வயதுப் பையனின் தோளும் முதுகும் திரும்பக் கிடைக்காது.

1915-க்குப் பிறகு, 103 வருடம் கழித்து, அகிதாவிலிருந்து ஓர் அணி இறுதிப்போட்டிக்கு வந்தது. முடிவு? 13–2 என்று படுதோல்வி. ஒசாகா தோயின் என்ற மலைபோன்ற அணியிடம் தோற்றார்கள். ஆனால் அந்த வருடம் ஜப்பான் கொண்டாடியது யாரை, சொல்லுங்கள்! அதே வருடம் யோஷிதாவை ஹொக்கைதோ நிப்பான் ஹாம் ஃபைட்டர்ஸ் என்ற தொழில்முறை அணி முதல் தேர்வாக எடுத்துக்கொண்டது. கோஷியனில் தோற்றுப் போகிற பிள்ளைகள் மண்டியிட்டு மைதானத்து மண்ணை அள்ளிப் பையில் போட்டு ஊருக்கு எடுத்துப்போவார்கள், தெரியுமா? தோற்ற இடத்து மண்ணை!

அமெரிக்காவில் பாருங்கள். நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணி 1962-ல் பிறந்த முதல் வருடமே 120 ஆட்டம் தோற்றது. 1969-ல் அதே அணி சாம்பியன். டாம்பா பே ரேஸ் என்ற இன்னொரு அணிக்கு 2007-ல் 96 தோல்வி, 2008-ல் 97 வெற்றி! இளம்பிள்ளைகளை நம்பிப் பொறுத்திருந்தவர்களுக்குக் கிடைத்த பலன் அது. ரேஸ் அந்த வருட இறுதித் தொடரில் தோற்றார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி நம் லீக்குக்கு வருவோம். தூத்துக்குடி 2016-ல் ஜெயித்தது. சேப்பாக் 2017, 2019, 2021. மதுரை 2018. மழையால் இறுதிப்போட்டி நின்ற 2022-ல் சேப்பாக்கும் கோவையும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. 2023-ல் கோவை, 2024-ல் திண்டுக்கல், 2025-ல் திருப்பூர். பக்கத்தில் தூத்துக்குடிக்கு ஒன்று, மதுரைக்கு ஒன்று. 2025 வரை நெல்லைக்கு ஒன்றுமில்லை.

கோப்பை வராவிட்டாலும் இந்த மேடையிலிருந்து ஆட்கள் எங்கே போகிறார்கள் தெரியுமா? சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2016-ல் இந்த லீக்கில் யார்க்கர் போட்டுக் காட்டினார். அடுத்த வருட ஐபிஎல் ஏலத்தில் 3 கோடி. வருண் சக்கரவர்த்தி 2018-ல் கோப்பை ஜெயித்த மதுரை அணியில் ஆடினார். அதே வருடம் டிசம்பர் ஏலத்தில் 8.4 கோடி! இருவருமே பின்னர் இந்தியாவுக்காக ஆடினார்கள். சின்னப்பம்பட்டியில் முடிந்தது இலஞ்சியிலும் சுரண்டையிலும் ஆய்க்குடியிலும் ஏன் முடியாது?

அறுவடை முடிந்த வயலில், ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, மறுபக்கம் தென்னந்தோப்பு, நடுவில் மூன்று கம்பை ஊன்றி ரப்பர் பந்தில் ஆடுகிற பையன்களைத் தென்காசிச் சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாயங்காலமும் பார்க்கலாம். பந்து வாய்க்காலில் விழும், ஈரப்பந்தைச் சட்டையில் துடைத்துவிட்டு அடுத்த பந்து. ஆனிக் காற்று எதிரே வந்து மோதும்போது வேகமாக ஓடி வந்து வீசிப் பழகுகிறார்கள் அந்தப் பிள்ளைகள். காற்றுக்கு எதிரே வீசிப் பழகிய கை, காற்று இல்லாத ஊரில் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்! அவர்களுக்கு வேண்டியது ஒரு நல்ல பந்து, ஒரு வலை, கூப்பிட்டுச் சொல்லித்தர ஒரு பெரியவர்.

ஆகவே அடுத்த சாரலுக்குக் குற்றாலம் வருகிறவர்களுக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சங்கர் நகரில் ஆட்டம் இருக்கும் நாளாகப் பார்த்து, காலையில் அருவி, மதியம் ஒரு பரோட்டா, சாயங்காலம் மைதானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்து பிடிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், பையனோ பெண்ணோ, கையோடு கூட்டிப்போங்கள். குற்றாலத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான். தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு.