பெயருக்குள் அடைபட்ட ஆண்டு

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புனே அலுவலகம் 1901 முதல் நாட்டில் பெய்த அன்றாட மழையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறது. கால் பாகைக்கு ஒரு புள்ளி, அதாவது ஏறத்தாழ 28 கிலோமீட்டர் இடைவெளி. கிழக்கு மேற்காக 135, தெற்கு வடக்காக 129 புள்ளிகள். ஆக, ஒரு நாள் மழை என்பது 17,415 எண்கள் அடங்கிய ஓர் அணி. மேற்கிலிருந்து 45, தெற்கிலிருந்து 12 என்று எண்ணினால் வரும் புள்ளிதான் சங்கரன்கோவிலுக்கு மிக அருகில் இருப்பது. மேற்கே ஒன்று, தெற்கே ஒன்று நகர்ந்தால் குற்றாலம். ஆடியில் அங்கே சாரல் அடிக்கும். ஆடித் தபசுத் திருவிழா பார்க்கச் சங்கரன்கோவிலுக்கு வரும் கூட்டத்துக்குப் பெரும்பாலும் காற்றுதான். மலை மறைவில் கிடக்கும் இந்தக் கரிசல் காடு ஐப்பசி, கார்த்திகை மழையைத்தான் நம்பியிருக்கிறது.

நம் ஊரின் வழக்கமான மழை எவ்வளவு? அதற்கு 30 ஆண்டுச் சராசரி வேண்டும். உலக வானிலை அமைப்பு இப்போது 1991 முதல் 2020 வரையிலான காலத்தை அளவுகோலாகக் கொள்கிறது. இங்கேதான் கணினியில் ஒரு சங்கடம் முளைக்கிறது. ஆண்டுக்கு ஒரு கோப்பு. பெயர்களில் மாறுவது ஆண்டு மட்டுமே. புதிதாகப் பழகுகிறவர்கள் அவற்றை மழை1991, மழை1992 என்று 30 பெயர்களில் ஏற்றிவிட்டு, நடுவில் கூட்டல் குறி போட்டுக்கொண்டே போவார்கள். பெயரில் உள்ள 1991 நம் கண்ணுக்குத்தான் எண். கணினிக்கு அது வெறும் எழுத்து. அதற்கு அடுத்து 1992 வரும் என்பது அதற்குத் தெரியாது. பெயரையே எழுத்தாகக் கோத்து இயக்கும் குறுக்குவழி மேட்லேப் மொழியில் உண்டு. ஆனால் பிழை நேர்ந்தால் கண்டுபிடிப்பது பெரும்பாடு; மேட்லேப் ஆவணங்களே அதைத் தவிர்க்கச் சொல்கின்றன.

சரியான வழி, அந்த ஆண்டைப் பெயரிலிருந்து விடுவித்து ஒரு திசையாக்குவது. அணிகளை ஏடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கனசதுரம் போன்ற ஓர் அமைப்பு கிடைக்கும்: நீளம், அகலம், ஆண்டு. ஆண்டுத் திசையில் சராசரி எடு என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். பைத்தானின் நம்பை, ஆர் மொழி, மேட்லேப் மூன்றிலும் இதற்கு வசதி இருக்கிறது.

ஆனால் அடுக்குவதற்கு அளவு ஒத்திருக்க வேண்டும். லீப் ஆண்டின் கோப்பில் 366 நாள், மற்றவற்றில் 365. அப்படியே அடுக்க முடியாது. எனவே முதலில் ஒவ்வோர் ஆண்டிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையைக் கூட்டி, ஆண்டுக்கு ஓர் அணியாகச் சுருக்கிக்கொள்வதே நல்லது. அடுத்த கண்ணி இன்னும் ஆபத்தானது. தரவு இல்லாத இடத்தைக் குறிக்க இந்தக் கோப்புகளில் -999 என்று எழுதியிருக்கும். ஒரு புள்ளியில் 29 ஆண்டுகள் ஒரே தேதியில் 10 மில்லிமீட்டர் பெய்து, ஓர் ஆண்டு மட்டும் -999 என்று இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு எடுத்த சராசரி -23.6 ஆகிவிடும். வானத்தில் எதிர்மழை! அதனால் கூட்டுத்தொகைக்கு ஓர் அணி வைத்தால், எத்தனை ஆண்டு உண்மையான மதிப்பு இருந்தது என்று எண்ண இன்னோர் அணியும் வைக்க வேண்டும். பிறகு முன்னதைப் பின்னதால் வகுக்கலாம்.

இதில் நினைவக மிச்சமும் உண்டு. 1901 முதல் 2020 வரை 43,830 நாள்கள், சுமார் 76 கோடி எண்கள், 3 ஜிகாபைட். எல்லாவற்றையும் ஒருசேர ஏற்ற வேண்டியதில்லை. ஒரு கோப்பைத் திற, கூட்டு, மூடு, அடுத்ததற்குப் போ. கையில் இருப்பது அந்த இரண்டு அணிகளும் ஒரே ஓர் ஆண்டும்தான். பழைய மடிக்கணினியே போதும்.

எனக்கு இதில் பிடித்தது சராசரி அல்ல, அந்த அடுக்குதான். 30 ஆண்டில் ஒரு குறிப்பிட்ட நாளில் 27 முறை மழையே இல்லை, மூன்று முறை 60 மில்லிமீட்டர் கொட்டியது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 6 மில்லிமீட்டர். எந்த ஆண்டும் அப்படிப் பெய்யவில்லை! மானாவாரி விவசாயிக்கு அந்த 6 உதவாது. விதைப்புக்குப் போதுமான மழை எத்தனை ஆண்டுகளில் கிடைத்தது என்பதுதான் அவருக்கு வேண்டும். அந்த நாளின் அணிகளை அடுக்கி, அதில் 45, 12 என்ற இடத்தைப் பிடித்து ஆண்டுத் திசையில் நடந்தால், 30 எண்களும் தனித்தனியே கைக்கு வரும், எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.